பெட்டி பிரிக்காத இரட்டைக்குழல் கிட்: மரத்துக்கு என்ன பூசுறது, குழலுக்கு எப்படி நிறம் ஏத்துறது

நீங்க கேட்டதைச் சுருக்கமா முதல்ல சொல்லிடுறேன். ஒஹாயோல ஒரு எஸ்டேட் சேல்ல (வீட்டுச் சாமானை மொத்தமா விக்கிற இடம்) 12 கேஜ் இரட்டைக்குழல் ஷாட்கன் கிட் ஒண்ணு, அதாவது பாகம் பாகமா வந்து நாமளே செதுக்கிப் பொருத்திக்கிறது, கிடைச்சிருக்கு, குழலோட வாய்வழியா மருந்து கெட்டிக்கிற வகை, கேப்பு (அடிச்சா தீப்பொறி வர்ற சின்ன மூடி) வச்சு சுடுறது, இத்தாலில செஞ்சது, வாங்கினவர் பெட்டியைப் பிரிக்காமலே வருஷக்கணக்கா பரண்ல போட்டு வச்சிருந்திருக்காரு. மரத்துக்கு எந்த பாலிஷ், குழலுக்கு எந்த ப்ளூயிங் (இரும்புக்குக் கருநீலம் ஏத்துறது), ரெண்டு வீக்எண்ட்ல முடிச்சிரலாமான்னு கேட்டிருக்கீங்க. ஆனா கடைசி வரில "இதை நம்பி சுடலாமா"ன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தீங்க பாருங்க, எனக்கு அதுதான் உண்மையான கேள்வியா படுது. பாலிஷ், ப்ளூயிங் எல்லாம் அதுக்கு அப்புறம். ரெண்டு வீக்எண்ட்ல முடியாது, ஒரு முழு குளிர்காலம் ஒதுக்குங்க, அப்போதான் கையில எடுத்தா விட மனசு வராத மாதிரி ஒரு பொருள் வரும்.

நான் கோயம்புத்தூர்ல ஐடிஐ ஃபிட்டர் படிச்சவன், முதல் வருஷம் பூரா ஒரு இரும்புத் துண்டை அரத்தால ராவி ராவி மூலமட்டம் வச்சுப் பார்த்து மட்டம் பண்ணதுதான் வேலை. அப்புறம் டூல் ரூம், அப்புறம் பென்சில்வேனியா வந்து 17 வருஷமா மெஷின் ஷாப். இங்க வந்தப்புறம்தான் இந்தப் பழங்காலத் துப்பாக்கிப் பைத்தியம் பிடிச்சுது, இதுவரைக்கும் ஆறு கிட் முடிச்சிருக்கேன், அதுல ரெண்டு இரட்டைக்குழல். துப்பாக்கி ரிப்பேர் என் தொழில் இல்ல. அதனால மரம், அரம், துரு, எண்ணெய் இதைப் பத்தி நான் சொல்றதை நம்பிச் செய்யுங்க, ஆனா உங்க குழல் உறுதியா இருக்கான்னு போட்டோவைப் பார்த்து நானும் சொல்ல முடியாது, வேற யாரும் சொல்ல முடியாது. அதை நேர்ல, பிளாக் பவுடர், அதாவது கரிமருந்துத் துப்பாக்கி தெரிஞ்ச ஒரு கன்ஸ்மித் (துப்பாக்கி ரிப்பேர்காரர்) கையில குடுத்துதான் தெரிஞ்சுக்கணும்.

படிக்கிற மத்தவங்களுக்காக ஒரு வார்த்தை, 12 கேஜ்னா என்னன்னா ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையா வார்த்தா ஒரு உருண்டை என்ன விட்டம் வருமோ அதுதான் குழல் துளையோட அளவு, 0.729 அங்குலம், கிட்டத்தட்ட பதினெட்டரை மில்லிமீட்டர். 20 கேஜ்னா உருண்டை சின்னது, 0.615 அங்குலம். நம்ம ஊர்ப்பக்கம் நாட்டுத் துப்பாக்கின்னு சொல்வோமே, நரிக்குறவர் மக்கள் தோள்ல மாட்டிட்டு வருவாங்களே, அதுவும் வேலை செய்ற விதத்துல இதேதான்: வாய்ல மருந்து, மேல அடைப்பு, அப்புறம் ரவை, அப்புறம் இன்னொரு அடைப்பு, பின்பக்கம் நிப்பிள்ல, அதாவது துளை போட்ட சின்ன முளைல, ஒரு கேப்பு. ஸ்காட்லாந்துல ஃபோர்சைத்னு ஒரு பாதிரியார் 1807ல இந்த அடிச்சுப் பத்த வைக்கிற முறைக்கு பேடன்ட் வாங்கினார், அப்புறம் சின்ன செம்புக் கேப்பு வந்து சக்கிமுக்கி துப்பாக்கியை ஓரங்கட்டிருச்சு. உங்க பெட்டிக்குள்ள இருக்கிறது அந்தக் காலத்து இங்கிலீஷ் இரட்டைக்குழலைப் பார்த்து செஞ்சது.

சரி, உளியைத் தொடறதுக்கு முன்னாடி குழலைப் பாருங்க. இத்தாலில எந்தக் குழலும் கார்டோனே வால் ட்ரோம்பியால இருக்கிற அரசு சோதனைச் சாலைல கூடுதல் மருந்து போட்டு சுட்டுப் பார்க்காம வெளிய வரக் கூடாதுங்கிறது சட்டம். பாஸானதுக்கு முத்திரை குத்துவாங்க. குழலோட அடிப்பக்கம், மரத்துக்குள்ள மறையிற இடத்துல லென்ஸ் வச்சுப் பாருங்க, பிஎன்னு (PN) ரெண்டு எழுத்து இருக்கும், கரிமருந்து வச்சு சோதிச்சதுக்கு அடையாளம் அது. பக்கத்துல சின்னக் கட்டத்துக்குள்ள ரெண்டு எழுத்து இருந்தா அது வருஷம், ஏஏன்னா 1975, அங்கிருந்து வரிசையா போகும். பிஎன் முத்திரை இல்லன்னா அந்தக் குழலை வச்சு சுடுறதைப் பத்தி யோசிக்கவே வேண்டாம், சுவத்துல மாட்டி அழகு பாருங்க. இந்த முத்திரை மேல உப்புத்தாள் படவே கூடாது, சொரசொரப்பா இருக்கேன்னு தேய்ச்சு எடுத்துட்டா அந்தத் துப்பாக்கியோட ஜாதகத்தையே அழிச்ச மாதிரி.

முத்திரை சரியா இருந்தா அடுத்தது தட்டிப் பார்க்கிறது. ரெண்டு குழலையும் சேர்த்துப் பிடிச்சிருக்கிறது மேலயும் கீழயும் ஓடுற ரிப்ங்கிற நீள இரும்புப் பட்டை, அது ஈயப்பற்றுல (சால்டர்) நிக்குது. கொக்கி மாதிரி இருக்கிற பின்பக்கத்துல ஒரு கயிறு போட்டு குழலைத் தொங்க விட்டு, மரக்கைப்பிடியால லேசாத் தட்டுங்க. பூஜை மணி மாதிரி கணீர்னு நீளமா சத்தம் வந்தா பற்று நல்லா இருக்கு. ஓட்டைப் பானையைத் தட்டின மாதிரி சொத்துன்னு வந்தா எங்கயோ ரிப் விட்டிருக்கு, அதை அனுபவம் உள்ளவங்ககிட்ட குடுத்து சரி பண்ணாம மேல போகாதீங்க. இது நூறு வருஷத்துக்கு மேல எல்லாரும் செய்ற சோதனை. கணீர்னு கேட்டா பற்று நல்லா இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம், குழல் முழுசுக்கும் அது சர்டிபிகேட் இல்ல.

இப்போ மரம். கிட்னு சொன்னதும் ஸ்க்ரூ போட்டு மாட்டுற வேலைன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. மெஷின்ல குடைஞ்ச மரத்துல இரும்பு ஒக்காருற மாதிரி தெரியும், ஆனா ஒக்காராது, அங்கங்க ஒரு முடியளவு தடுக்கும், அதைக் கண்டுபிடிச்சு எடுக்கிறதுதான் பாதி வேலை. ஒரு விளக்குக் கரியை துளி எண்ணெய்ல குழைச்சு இரும்புல மெல்லிசா தடவுங்க, லிப்ஸ்டிக்கும் நல்லா வேலை செய்யும், நான் இப்போ அதுதான் வச்சிருக்கேன். இரும்பை நேரா இறக்கி ஒரு தட்டு தட்டி எடுத்தா மரத்துல எங்க ஒட்டியிருக்கோ அங்கதான் முட்டுது. அந்தப் புள்ளியை மட்டும் கூர் உளியால சுரண்டுங்க, வெட்டாதீங்க. மறுபடி தடவு, இறக்கு, எடு, சுரண்டு. ஒரு லாக், அதாவது குதிரையும் ஸ்பிரிங்கும் மாட்டியிருக்கிற தட்டு, உக்கார வைக்க நான் நாப்பது அம்பது தடவை இப்படி செஞ்சிருக்கேன். குழலோட பின்பக்கம் வந்து முட்டுற இரும்பு மட்டும் மரத்துல முழுசா பதியணும், ஏன்னா சுடும்போது பின்னுக்குத் தள்ளுற மொத்த வேகத்தையும் அந்த இடம்தான் வாங்குது, ஒரு ஓரத்துல மட்டும் பட்டா அங்கயே மரம் விரிசல் விட்டுரும். அதே நேரம் அந்த இரும்போட நீண்ட வால் இருக்கு பாருங்க, அது முடியிற நுனில மரத்தோட ஒட்டாம ஒரு பேப்பர் போற அளவு இடைவெளி விட்டுருங்க. அழகா இறுக்கமா இருக்கட்டும்னு விட்டா, கொஞ்ச நாள் சுட்டதும் அந்த நுனி ஆப்பு மாதிரி மரத்தைப் பிளந்து சிம்பு தெறிக்கும்.

லாக் பொருத்துறப்போ வெளிய பார்க்க எல்லாம் சரியா இருக்கும், உள்ள ஸ்பிரிங் மரத்துல உரசிட்டு இருக்கும். குதிரையை (கேப்பை அடிக்கிற சுத்தி) மேல இழுத்து கையால பிடிச்சுக்கிட்டே மெதுவா இறக்குங்க, வெளிய கையில வச்சு செய்றப்போ எப்படி வழுக்கிட்டு வருதோ மரத்துக்குள்ளயும் அப்படியே வரணும். ஸ்க்ரூவை இறுக்கினதும் மந்தமாச்சுன்னா எங்கயோ உரசுது, திரும்பவும் லிப்ஸ்டிக். அடுத்தது விசை, குதிரை ஏத்தின நிலைல விசைல ஒரு துளி ஆட்டம் இருக்கணும். ஆட்டமே இல்லன்னா உள்ள குதிரையைப் பிடிச்சு நிறுத்துற கொண்டி அதோட பள்ளத்துல முழுசா விழல, அப்படியே விட்டா தானா வெடிக்கக் கூடிய துப்பாக்கி அது. பாதி ஏத்தின நிலைல எவ்வளவு அழுத்தியும் குதிரை விழக் கூடாது. ரெண்டு பக்கமும் தனித்தனியா பாருங்க. விசை கனமா இருக்குன்னு சிலர் அந்தப் பள்ளத்தை அரத்தால ராவி இலகுவாக்கிடுறாங்க. நான் டூல் ரூம்ல வாழ்க்கையை ஓட்டினவன், நானே அதைத் தொட மாட்டேன், தெரிஞ்சவர்கிட்ட குடுப்பேன்.

வடிவம் கொண்டு வர்றது தனி சுகம். கிட்ல மரத்தை வேணும்னே தடிமனா விட்டிருப்பாங்க, மணிக்கட்டுப் பகுதியும் (கை பிடிக்கிற மெல்லிய கழுத்து) லாக்கைச் சுத்தியும் பருமனா இருக்கும். அரம், ஸ்கிரேப்பர், கடைசில உப்புத்தாள், அந்த வரிசைல போங்க. உப்புத்தாளை விரல்ல வச்சுத் தேய்க்காதீங்க, சின்னக் கட்டைல சுத்தித் தேய்ங்க. என் முதல் கிட்ல லாக்கைச் சுத்தி இருக்கிற தட்டையான பகுதியோட ஓரத்தை விரலால தேய்ச்சுத் தேய்ச்சு சோப்புக்கட்டி மாதிரி உருட்டி விட்டுட்டேன், இன்னிக்கும் அதை எடுத்தா முதல்ல கண்ணு போறது அங்கதான். மரமும் இரும்பும் சேர்ற எல்லா இடத்துலயும் இரும்பை மாட்டி வச்சே மரத்தை மட்டத்துக்குக் கொண்டு வாங்க. அப்போதான் விரலால தடவினா ரெண்டும் ஒண்ணா இருக்கும்.

உங்களுது வால்நட் மரமாத்தான் தெரியுது, நிறமே நல்லா இருக்கும், சாயம் வேண்டாம். மேப்பிள் மரமா இருந்தா நைட்ரிக் ஆசிட்ல இரும்பைக் கரைச்ச கரைசலைத் தடவி சூடு காட்டி அந்தப் புலிவரியை எழுப்புவாங்க, அது வேற கதை. வால்நட்டுக்கு முதல்ல ஈரத்துணியால துடைச்சு காய விடுங்க, நார் எல்லாம் முள்ளு மாதிரி எழும்பி நிக்கும், 220 நம்பர் தாளால லேசா வருடி எடுங்க. ரெண்டு மூணு தடவை செஞ்சா அப்புறம் மழைல நனைஞ்சாலும் எழும்பாது. அப்புறம் எண்ணெய், பாயில்ட் லின்சீட் ஆயில், அதாவது நம்ம ஆளிவிதை எண்ணெய்ல சீக்கிரம் காயிறதுக்கு மருந்து சேர்த்தது, இல்லன்னா துப்பாக்கி மரத்துக்குன்னே விக்கிற ட்ரூ ஆயில். ட்ரூ ஆயில் சீக்கிரம் காயும், பளபளன்னு வரும், எனக்கு அந்தப் பளபளப்பு பழைய துப்பாக்கிக்குப் பொருந்துறதா தோணாது, கடைசில நைஸ் ஸ்டீல் உல்லால (மெல்லிய இரும்பு நார்) லேசா மங்க வச்சிருவேன். வால்நட்ல துவாரம் அதிகம், அதை அடைக்க தனியா பில்லர் வாங்க வேண்டாம், 400 நம்பர் தாளை எண்ணெய்ல நனைச்சு தேய்ச்சா மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து களி மாதிரி வரும், அதே களி துவாரத்துல போய் அடைஞ்சுக்கும். ராத்திரி காய விட்டு மறுநாள் மேல இருக்கிறதை எடுத்துட்டு திரும்ப. ஒவ்வொரு கோட்டும் மெல்லிசா, விரல் நுனில ஒரு சொட்டு எடுத்து கை சூடாகுற வரைக்கும் தேய்ச்சு விடுங்க. ஒட்டுதுன்னா காயலன்னு அர்த்தம், அடுத்த கோட் போடாதீங்க. லாக் உக்காருற குழிக்குள்ள, பின்தட்டு மூடுற வெட்டு முகத்துல எல்லாம் மறக்காம எண்ணெய் விடுங்க, ஈரம் உள்ள போறது அந்த வழியாத்தான்.

இதுல ஒண்ணு மட்டும் ரொம்ப சீரியஸா சொல்றேன், எண்ணெய் துடைச்ச துணியைச் சுருட்டிக் குப்பைத்தொட்டில போடாதீங்க. லின்சீட் காயும்போது காத்துல இருக்கிற ஆக்சிஜனை இழுத்து சூடாகும், சுருட்டின துணிக்குள்ள அந்தச் சூடு போக வழியில்லாம தானா தீப்பிடிக்கும், இதுல சந்தேகமே கிடையாது, வீடே எரிஞ்சிருக்கு. விரிச்சு வெளிய கொடில தனித்தனியா போட்டு மொறமொறன்னு காய்ஞ்சப்புறம் எறியுங்க, இல்ல தண்ணி ஊத்தின தகர டப்பால மூடி வைங்க.

இப்போ நீங்க கேட்ட ப்ளூயிங். ஒரு கன்ஸ்மித்கிட்ட குடுத்து சூடான உப்புத் தொட்டில முக்கி எடுக்கலாமான்னு கேட்டிருந்தீங்க, இரட்டைக்குழலுக்கு அது வேண்டவே வேண்டாம். அந்தக் காரக் கரைசல் ஈயப்பற்றைத் தின்னுரும், ரிப்புக்கு அடில போய்த் தங்குன உப்பு வருஷக்கணக்கா கசிஞ்சு உள்ளுக்குள்ள அரிக்கும். இன்னொரு வழி குழலைச் சூடாக்கி கரைசல் தடவுற ப்ளம் பிரவுன். கரைசல் டப்பால சொல்ற சூடு ஈயம் உருகுற சூட்டுக்குக் கீழதான், ஆனா டார்ச் கையில இருக்கும்போது ஒரு இடத்துல ரெண்டு செகண்ட் அதிகமா நின்னாப் போதும். என் முதல் இரட்டைக்குழல்ல இதுதான் நடந்துச்சு, வாய்க்கிட்ட ஒரு மூணு அங்குலம் ரிப் எழும்பி நின்னுச்சு, தட்டினா சொத்துன்னு சத்தம், திரும்பப் பற்று வைக்கிறதுக்கு ஆள் தேடி ஆறு மாசம் போச்சு.

அதனால மெதுவாத் துரு ஏத்துறதுதான் வழி, அந்தக் காலத்துலயும் அப்படித்தான் செஞ்சாங்க. மெஷின் கோடு எல்லாம் போற வரைக்கும் அரத்தை ரெண்டு கையால பிடிச்சு குழலோட நீளத்துக்கு இழுத்து ராவுங்க, அப்புறம் 220, 320, அதோட நிறுத்துங்க. கண்ணாடி மாதிரி ஆக்கினா துரு பிடிக்க இடம் கிடைக்காது. ரெண்டு வாயையும் பின்பக்கத் துளையையும் மரக் குச்சி செதுக்கி அடைச்சு, உள்ள எண்ணெய் தடவி வச்சுருங்க. வெளிய சுத்தமா எண்ணெய்ப் பசை எடுத்துட்டா அதுக்கப்புறம் வெறுங்கை படக் கூடாது, விரல் ரேகை அப்படியே படியும். லாரல் மவுண்டன் ஃபோர்ஜ் கரைசல் நான் உபயோகிக்கிறது. துணியை நனைச்சு பிழிஞ்சு, ஒரே இழுப்பா முனையிலருந்து முனை வரைக்கும் ஒரு தடவை, திரும்ப அதே இடத்துல போகாதீங்க, போனா செம்பு நிறத்துல திட்டு விழும். ஈரமான இடத்துல தொங்க விடுங்க, நான் ஒரு நீளப் பெட்டில அடில ஈரத்துண்டு வச்சு தொங்க விடுறேன், வீட்டுக் குளியலறையும் போதும். சில மணி நேரத்துல ஆரஞ்சு கலர்ல மாவு தூவின மாதிரி துரு பூக்கும், பார்த்தா எல்லாம் கெட்டுப் போச்சுன்னு தோணும், கெடல. எண்ணெய் எடுத்த ஸ்டீல் உல்லால லேசாத் துடைச்சா அடில மெல்லிசா ஒரு பழுப்பு நிக்கும். திரும்ப தடவு, தொங்க விடு, துடை. எத்தனை தடவைன்னு இங்க இருந்து என்னால சொல்ல முடியாது, இரும்பைப் பொறுத்தது, அன்னிக்கு ஈரப்பதத்தைப் பொறுத்தது, எனக்கு ஒண்ணு அஞ்சுல முடிஞ்சுது, இன்னொண்ணு ஒம்பது ஆச்சு. கருநீலம்தான் வேணும்னா ஒவ்வொரு தடவையும் துடைக்கிறதுக்கு முன்னாடி கொதிக்கிற தண்ணில போடணும், சிவப்புத் துரு கருப்பு ஆக்சைடா மாறும், கொதிதண்ணி சூட்டுக்கு ஈயம் அசையாது. திருப்தியான நிறம் வந்ததும் ஆப்ப சோடா கலந்த வெந்நீர்ல நல்லாக் கழுவி, சூடு ஆறுறதுக்குள்ள எண்ணெய் தடவுங்க. கழுவறதுல சோம்பல் பட்டா ரெண்டு நாள் கழிச்சு துரு திரும்ப எழும்பி நிக்கும்.

சுடுற விஷயம். கரிமருந்து, இல்லன்னா அதுக்கு மாத்தா கம்பெனி எழுதியிருக்கிறது, வேற எதுவும் கிடையாது. நவீன புகையில்லா மருந்து ஒரு சிட்டிகை கூட இதுக்குள்ள போகக் கூடாது, குழல் வெடிச்சு கை போயிரும். எவ்வளவு மருந்து எவ்வளவு ரவைன்னு நான் நம்பர் சொல்ல மாட்டேன், உங்க கிட்டுக்கான கம்பெனி கையேட்டுல இருக்கிறதைத் தாண்டாதீங்க, பெட்டில இல்லன்னா எழுதிக் கேட்டு வாங்குங்க. வாத்து சுடணும்னு எழுதியிருந்தீங்க, அமெரிக்கால 1991லருந்து நாடு முழுக்க நீர்ப்பறவைக்கு ஈய ரவை தடை, அதுக்காக ஸ்டீல் ரவையைப் போட்டா இந்த மாதிரி மெல்லிய குழலைக் கீறிக் கெடுத்துரும், பிஸ்மத் ரவை வாங்குங்க, விலை ஜாஸ்தி.

இரட்டைக்குழலுக்கே உரிய ஆபத்து ரெண்டு இருக்கு. ஒண்ணு, பேச்சு சுவாரஸ்யத்துல ஒரே குழல்ல ரெண்டு தடவை கெட்டிக்கிறது. இன்னொண்ணு அதை விட மோசம், வலது பக்கம் சுடுறீங்க, அந்த அதிர்ச்சில இடது குழல்ல இருக்கிற ரவை முன்னால நகர்ந்துரும், மருந்துக்கும் ரவைக்கும் நடுவுல இடைவெளி, அதை அப்படியே சுட்டா குழல் அந்த இடத்துல உப்பும் இல்ல கிழியும். இதுக்கு மருந்து கெட்டிக்கிற கோல்தான் காவல். காலிக் குழல்ல கோலை விட்டு வாய்மட்டத்துல ஒரு கோடு கீறுங்க, கெட்டிச்சு முடிச்சப்புறம் இன்னொரு கோடு. ஒரு குழல் மட்டும் சுட்டுட்டு திரும்பக் கெட்டிக்கிறதுன்னா, முதல்ல இன்னொரு பக்கத்துக் கேப்பைக் கழட்டிருங்க, கெட்டிச்சு முடிச்சதும் கோலை அந்தக் குழல்லயும் விட்டு கோடு சரியா நிக்குதான்னு பாருங்க, கேப்பு கடைசில. முதல் சில வெடி தோள்ல வச்சு சுடாதீங்க, பழைய டயர்ல கட்டி, தள்ளி நின்னு கயிறு இழுங்க.

சட்டம், நான் வக்கீல் இல்ல, ஆனா நம்மாளுங்க நிறைய பேர் எச்1பி விசால இருக்கிறதால சொல்றேன். 1968ல வந்த ஃபெடரல் சட்டத்துல வாய்வழி கெட்டிக்கிற கரிமருந்து துப்பாக்கி பழங்காலப் பொருள் கணக்குல வருது, சாதாரணத் துப்பாக்கிக்கு உள்ள ஃபெடரல் கட்டுப்பாடு இதுக்கு இல்ல. மாநிலச் சட்டம் வேற, நியூ ஜெர்சி மாதிரி இடத்துல கெடுபிடி அதிகம், ஒஹாயோலருந்து வீடு மாத்துறதுக்கு முன்னாடி கேட்டுக்குங்க, விசால இருந்தா வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை எழுதி வாங்கிக்குங்க. ஊருக்கு எடுத்துட்டுப் போற எண்ணம் இருந்தா விட்டுருங்க, இந்தியால 1959 ஆயுதச் சட்டப்படி இதுக்கும் லைசென்ஸ் வேணும், லைசென்ஸ் இல்லாம செய்றதும் குற்றம், வச்சிருக்கிறதும் குற்றம்.

இந்த வாரம் நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். குழலை வெளிய எடுத்து அடிப்பக்க முத்திரையை வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சு போட்டோ எடுங்க, அப்புறம் தொங்க விட்டுத் தட்டி அந்தச் சத்தத்தை ரெக்கார்ட் பண்ணிப் போடுங்க. அதைக் கேட்டப்புறம் லாக்ல எங்க ஆரம்பிக்கலாம்னு சொல்றேன்.